இணைப்பு: ஒன்று

மனு எழுதும் பையன் கேட்டான்:
"அடைப்புக்குள்ள என்ன போட?"
பிரிசித்தாளுக்கு அடைப்பென்றால்
கடலில் கம்பு நட்டுக் கட்டிய வலை,
வத்தம் இறங்க உள்ளேயே நின்றுபோகும் ஓரா.
பிறகு, மாமனாரின் நெஞ்சு.
ஆட்டைச் சுற்றி உடைமுள்.

"இல்லக்கா, வீட்டுக்காரர் பேருக்குப் பக்கத்துல,
இப்ப எங்க இருக்காருன்னு."

யாழ்ப்பாணம் என்றாள்.
"சிறைன்னு எழுதாத தம்பி,
அதை அவங்களே எழுதியிருப்பாங்க."

அவன் இரண்டு வளைவு போட்டு
நடுவில் ஊர்ப்பெயரை மட்டும் நிறுத்தினான்.
பெயர் நீளம்; வளைவு கொஞ்சம் இடித்தது.

காரங்காட்டில் வத்தம்.
அலையாத்தி வேருக்குள் கிடந்த தண்ணீர்
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரியில், இணைப்பு:
படகுப் பதிவு நகல்,
போட்டோ ஒன்று.
சட்டை போடாத படம்.
பரவாயில்லையா என்று கேட்டாள்.
வேறு இல்லை.