அரை லீற்றர்

ஆதம்பாவாவுக்கு ஒரு நாளைக்கு
அரை லீற்றர்.
தேத்தண்ணி, ஆணம், குளிசை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.
அவருடைய இரத்தத்தைக் கழுவ
நான்கு மணித்தியாலத்தில் நூற்றிருபது.
இரண்டையும் ஒரே பேனையால் எழுதுகிறேன்.

ஆடி மாதக் கச்சான்.
ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே
டச்சுக்குடா தகரம்போல மினுங்குகிறது.
றோட்டுத் தார் பத்து மணிக்கே இளகிவிட்டது,
கடலோ இன்னும் விடியற்காலையில் நிற்கிறது.
சூட்டை வாங்கவும் அதற்கு அவசரமில்லை,
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.
அந்த மந்தத்தின் ஓரத்தில்தான்
நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம்,
இரவில் கொஞ்சம் கண்மூடுகிறோம்.

பின்னறையில் என்னுடைய இயந்திரம்.
கந்தளாயிலிருந்து வரும் தண்ணீர்
வழியில் தொட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது.
கல்லின் சுண்ணாம்பு, குழாயின் துரு,
யாரோ வயலில் எறிந்த பசளை.
உப்புக்கல் ஒன்றைக் கண்டால்
துணுக்குத் துணுக்காகச் சூழ்ந்துகொண்டு
கையோடு கூட்டிவந்துவிடும்.
மாட்டேன் என்று சொல்ல அதற்கு வராது.
அப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால்
வேரில் ஏறியிருக்குமா,
முலையில் பாலாக இறங்கியிருக்குமா?
ஆதம்பாவாவின் சிறுநீரகத்தை எது தின்றது என்று
எந்த டொக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.
சீனி என்கிறார்கள். பிறெஷர் என்கிறார்கள்.
அவருடைய மனைவி றிஸ்மியா
கிணறு என்கிறாள்.

மெல்லிய சவ்வுக்குள் தண்ணீரை நெரித்து
அது அள்ளிவந்ததையெல்லாம் பறித்தெடுக்கிறேன்.
கடத்துதிறன் ஆறு என்று காட்டும் வழமையாக.
இன்று இருபத்தேழு.
மணி அலறியது.
குளத்தில் தண்ணீர் வற்றினால்
மிஞ்சிய தண்ணீரில் எல்லாம் தடிக்கும்.
உப்புத் தொட்டியைத் திறந்து கழுவி
வடிகட்டியை மாற்றி முடிக்க
அரை மணித்தியாலம் பிந்திப்போனது.
என் சேர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது.
மின்விசிறி அதை உலர்த்த உலர்த்த
உடம்பு குளிர்ந்தது.

“என்ன மிஸ், இதுக்குள்ள என்ன இரிக்கி?”
குழாயைக் கண்ணால் காட்டிக் கேட்கிறார்.
ஒன்றுமில்லை என்றேன்.
“அப்ப குடிக்க ஏலுமா?”
சாதாரணமாகத்தான் கேட்டார்.
உதடு வெடித்திருந்தது.
ஒருநாள் நான் குடித்துப் பார்த்தேன்,
நாக்கில் ஒரு வெறுமை என்றேன்.
சிரித்தார்.

பிறகு, இயந்திரம் சுழலத் தொடங்கிய பின்,
கேட்காமலே சொன்னார்.
மாரியில் கங்கை பெருகிக்
கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கினால்
நல்ல தண்ணி மேலாலதான் ஓடுமாம்.
வள்ளத்தில் சாய்ந்து
உள்ளங்கையை ஆழ்த்தாமல் மெல்ல அள்ளினால்
இனிப்பு.
முழங்கை மட்டும் விட்டால் கரிப்பு.
“பாரமானது கீழ கிடக்கும் மிஸ்,
லேசானது மிதக்கும்.
ரெண்டும் கலக்க நேரமெடுக்கும்.
அந்த நேரத்துக்குள்ள குடிச்சிரணும்.”
சொல்லும்போது ஊசி குத்திய கை
அசையக்கூடாது என்பதை மறந்து
விரல்களைக் குவித்தது.
நான் அதைப் பிடித்துக் கட்டிலில் வைத்தேன்.

இரண்டு மணிக்குத் தராசில் ஏற்றினேன்.
இரண்டு கிலோ முந்நூறு குறைவு.
“எங்க போச்சு?”
வாய்க்காலுக்கு என்றேன்.
வாய்க்கால் எங்கே போகும் என்று
கிண்ணியாக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.
யன்னலைப் பார்த்தார்.
“அப்ப நாளைக்கு ராவைக்கு வலை போடுறவன்
என்னையும் கொஞ்சம் இழுப்பான்.”

றிஸ்மியா சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து
ஒரேயொரு ஐஸ் துண்டை எடுத்தாள்.
அடியில் கொஞ்சம் உருகியிருந்தது,
மிச்சம் அதன் மேலேயே மிதந்தது.
உறைந்தால் லேசாகிவிடுகிற
விசித்திரமான சாமான்.
அவர் அதைக் கடிக்கவில்லை.
கன்னத்தின் ஒரு பக்கம் புடைக்க வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தார்.
கதைத்தால் கரைந்துவிடும் என்று
கையை மட்டும் அசைத்தார்.

ஆதம்பாவா, கட்டில் மூன்று.
எடுத்தது 2.3.
அடுத்தது வெள்ளிக்கிழமை.
கடத்துதிறன் ஏழு என்று எழுதிவிட்டு
மேசையிலிருந்த என் போத்தலைத் தூக்கினேன்,
முழு லீற்றர்.
மூடியைத் திருகியவள்
கட்டில் நான்கிலிருந்து ஒருவர் பார்ப்பது தெரிந்து
பின்னறைக்குப் போய்க் குடித்தேன்.