நீல மை

மூன்றாம் பகுதி முடிந்தபோது
சிவப்புப் பேனாவை மூடினேன்.
ஒன்றும் மூன்றும் சிவப்பு, இரண்டும் நான்கும் நீலம்,
ஸ்கோர் தாளின் விதி அது.
நாங்கள் நாற்பத்து மூன்று. கொல்லம் அறுபத்திரண்டு.
அவர்கள் பெஞ்சில் ஒருவன்
அப்போதே ஷூ நாடாவைத் தளர்த்திவிட்டான்.

செங்கோட்டையில் ஆனிச் சாரல் மேலிருந்து விழாது,
கணவாய் வழியே படுத்துக்கொண்டு வரும்.
தகரக் கூரை இருந்தென்ன?
சுருளையாண்டி துடைப்பமும் கையுமாக ஓடி ஓடி
கேரளத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

புளியரை கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் எழுந்தார்கள்.
யார் முகத்திலும் கோபமில்லை.
இந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஏழு தோல்வி,
ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி,
எழுந்து போவது எப்படி என்று
ஊருக்கே பழகியிருந்தது.

கோச் அருமைநாயகம் பலகையை எடுக்கவில்லை,
அம்புக்குறி எதுவும் போடவில்லை.
"இன்னும் பத்து நிமிசத்துக்குக்
கரண்டுக்குக் காசு கட்டியாச்சுலே.
லைட்டு சும்மா எரியணுமா?"
அவ்வளவுதான் சொன்னார்.

எப்படித் தொடங்கியது என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள்.
நான் பார்க்கவில்லை. குனிந்திருந்தேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.
ஏழு. ஏழு. நான்கு. மறுபடி ஏழு, வட்டத்தோடு.
வட்டம் என்றால் மூன்று புள்ளி.
ஏழு என்றால் இசக்கிராஜ்,
காலையில் பால் வண்டி ஓட்டுகிறவன்.
வலது பக்கக் கட்டங்களில் கொல்லம் நின்றுபோயிருந்தது
ஆரியங்காவில் சிக்னலுக்கு நிற்கும் ரயில்போல.

ஐம்பத்தெட்டில் நிமிர்ந்தேன்.
பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள்.
சத்தம் அதுவரை கேட்டிருக்கிறது.
ஒருவர் புரோட்டாப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்ட
சால்னா சட்டைக் கையில் வழிந்தது.
அவருக்குத் தெரியவில்லை.

ஸ்கோரர் கை தட்டக் கூடாது.
பக்கத்தில் இருபத்துநான்கு நொடிக் கடிகாரத்தோடு
கொட்டாரக்கரை சாஜன்,
கல்லுப்போல. நானும் கல்லுப்போலத்தான்.
மேஜைக்கு அடியில் இடது கை
தொடையில் அடித்துக்கொண்டே இருந்ததை
மறுநாள் குளிக்கும்போது கண்டேன்.
அதுவும் நீலம்.

எழுபத்தொன்றுக்கு எழுபத்திரண்டு. ஆறு நொடி.
கேப்டன் மைதீன் பிச்சைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
வடகரையிலிருந்து வந்த அவன் சொந்தக்காரர்கள்
ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றார்கள்.

முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில்.
கூரையில் மழை மட்டும் கேட்டது.

இரண்டாவது சுற்றியது, எட்டிப் பார்த்தது,
வெளியே வந்தது.

வந்த இடத்தில் ஒரு கை இருந்தது.
புனலூர் ரெஜி வர்கீஸ், எண் பதினான்கு,
அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காதவன்.
பிடிக்கவில்லை. தட்டினான்.
சங்கு ஊதியது.
பந்து வலைக்குள்ளா, காற்றிலா
யாருக்கும் தெரியாத ஒரு நொடி.
நடுவரின் இரண்டு விரல் கீழே மடங்கும் வரை
என் பேனா தாளைத் தொடவில்லை.

பிறகு எழுபத்து மூன்றின் மேல் ஒரு சாய்கோடு.
பக்கத்தில் பதினான்கு.
அடியில் அழுத்தி இரண்டு கோடு.
ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.
அங்கே ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள்.
சுருளையாண்டி துடைப்பத்தைத் தூக்கி எறிந்தான்.
கொல்லத்துப் பையன்
நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான் மறுபடி, எதற்கோ.

கூட்டம் கலைந்தபின் மைதீன் மேஜைக்கு வந்தான்.
தாளைப் பார்க்கவில்லை, விளிம்பைத் தடவினான்.
"அக்கா, என்னோட ரெண்டையும் எழுதிட்டீங்களா?"

விழாத பந்துக்கு இதில் கட்டமே இல்லை தம்பி என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான்.
"அப்போ எங்கதான் எழுதுவாங்க?"

கையெழுத்துப் போட்டேன்: லூ. பிரிசில்லா.
சாரல் பட்டு
ஸ்கோரர் என்ற இடத்தில் மட்டும்
மை கொஞ்சம் ஊறியது.