பதின்மூன்றாம் நாள்

கடலுயிரியல் கையேட்டின் நான்காம் பக்கத்தில்
ஒரு படகு இருந்தது.
மஞ்சள் படகு. அதற்காகத்தான் டீகன்
'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள்,
கிரிம்ஸ்பி மீன் ஆலையில்
இரவுப் பணியின் இடைவேளையில்,
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல்:
படகு விற்கப்பட்டது. பதிலாகத்
திரையில் கடல் காட்டப்படும்.
கட்டணத்தில் மாற்றமில்லை.
அன்புடன், சேர்க்கைக் குழு.

நிபந்தனைகள் முப்பத்தொரு பக்கம்.
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தாள்,
கைபேசியெல்லாம் மீன் வாடை.
'பல்கலைக்கழகம் மாற்றலாம்' ஏழு இடத்தில்.
'மாணவர் விலகலாம்' ஒரே இடத்தில்,
பதினான்கு நாளுக்குள்.

அழவில்லை. விரல்விட்டு எண்ணினாள்.
இன்று பதின்மூன்று.

எடை குறைந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது
அவளுக்குத் தினசரி வேலைதான்.
எழுதினாள்:
படகைத் தாருங்கள், இல்லையேல்
கட்டிய பணத்தை.