திருத்த வந்த ஊரில்

பகலெல்லாம் நாகமலை அடிவாரத்தில்
ஆளுக்கு நாற்பது விடைத்தாள்.
சிவப்பு மை விரலிடுக்கில் இறங்கி
மருதாணிபோல் பிடித்துக்கொண்டது.
ஏழாம் நாள் ஜெசிந்தா
பேனாவை மூடிவைத்துச் சொன்னாள்:
"இன்னைக்கு ராத்திரி கறிதோசை."

தூங்கா நகரம் என்று பேர்.
எங்களை மட்டும் ஒன்பதுக்கே தூங்கவைத்தது.
விடுதி கேட்டுக்கு ஆறு மணிக்குப் பூட்டு,
பூட்டுக்கு ஒரு வாட்ச்மேன்,
வாட்ச்மேனுக்கு ஒரு நோட்டு.
முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய
இரவு மதுரையை நாங்கள் பார்த்தது
சவுந்தரபாண்டியின் வாய் வழியாக.

எம்.ஏ. பொருளாதாரம், கடைசி பெஞ்சு.
முதல் மணி அடிக்குமுன் ஆரம்பிப்பான்:
"சிம்மக்கல்லுல இறங்கி ஆத்துப் பக்கமா நட.
புகை வர்ற சந்துல திரும்பு.
இரட்டைக்கதவுக் கடை.
வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு,
ஒரு ஆளு கால் நீட்டிப் படுத்துக்கலாம்.
அடியில மாவு, மேல முட்டை,
அதுக்கும் மேல சுக்கா.
கரண்டியால ஒரு தட்டு தட்டுனா
யானைக்கல்லுக்குக் கேக்கும்.
வாயில வச்சா பஞ்சு. கரைஞ்சிரும்."
காலிவயிற்றோடு கேட்டுக்கொண்டிருப்போம்
விடுதி உப்புமாவுக்குத் துரோகமாக.
ரஹீலா தேவை வளைகோட்டுக்குப் பின்பக்கம்
வழி வரைந்துகொண்டாள்.

இன்றைக்கு அவள்தான் முன்னால் போனாள்.
விளக்குத்தூண் அருகே நின்றபடியே பருத்திப்பால்;
சுக்கும் கருப்பட்டியும் தொண்டையைக் கீறி இறங்கின.
அவன் சொன்ன குடல் குழம்பு மெஸ்
செல்போன் கடையாகியிருந்தது.
கோலா உருண்டைக்காரர் பேரன் காலத்தில்
சைவமாகிவிட்டார்களாம்.
சந்து மட்டும் அதே இடத்தில் திரும்பியது.

இரண்டு கதவு. ஒரே கல்.
"ஃபேமிலி மாடியில மேடம், ஏ.சி." என்றான் பையன்.
"ஃபேமிலி வீட்டுல இருக்கு" என்றாள் ஜெசிந்தா.
கல்லுக்குப் பக்கத்துப் பெஞ்சில்
இரண்டு லோடுமேன்கள் தள்ளி உட்கார,
ஐம்பத்தைந்து வயதில் மூன்று பேர்
கைப்பையை மடியில் வைத்து
வாழை இலைக்குத் தண்ணீர் தெளித்தோம்.

கரண்டி தட்டியது.
யானைக்கல் என்ன, கோரிப்பாளையத்துக்கே கேட்டிருக்கும்.
ஆனால் பஞ்சில்லை. கரையவில்லை.
மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தது,
மிளகு கடைசியில் வந்து காதைப் பிடித்தது.
அவன் சொன்னதைவிட நன்றாக இருந்தது.
அவன் சொன்னது போல இல்லை.

கல்லாவில் சிக்கந்தர் பாய், எங்கள் வயது.
"எங்க கிளாஸ்மேட் ஒருத்தர்
தினம் இங்கதான் சாப்பிடுவார், சவுந்தரபாண்டி" என்றேன்.
சில்லறை எண்ணிய கை நின்றது.
"பாண்டியா? அவன் எங்க டீச்சர் சாப்பிட்டான்.
இலை எடுத்தவன்ல.
அத்தா காலத்துல ரெண்டு வருஷம்.
அந்தா அந்தப் பின்கதவுல வந்து அதுலயே போவான்.
அடுப்பு அணைச்சப்புறம் மிஞ்சுனா அவனுக்கு.
கறிதோசை எங்க மிஞ்சும்?"

ஜெசிந்தா இலையை மூடவில்லை.
லோடுமேன் ஒருவர் சால்னா கேட்டார்.
கல்லில் தண்ணீர் தெளித்து
விளக்குமாற்றால் கூட்டினார் மாஸ்டர்,
ஆவி எழுந்து எங்கள் மூவர் கண்ணாடியும் வெளுத்தது.
அதைத் துடைக்க நல்ல சாக்கு.

"கல்லு சரி, சத்தம் சரி, சந்து சரி,"
ரஹீலா விரல்விட்டாள்.
"ருசி மட்டும் தப்பு."
"எவ்வளவு போடுவே?"
அவள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
தேனிப் பக்கம் கூட்டுறவு வங்கியில்
இருப்பதாக யாரோ சொன்ன ஞாபகம்.
நம்பர் யாரிடமும் இல்லை.

விருந்தினர் விடுதிக்குத் திரும்புகையில் மணி இரண்டு.
கேட்டில் பூட்டு.
கொட்டாவியோடு வந்தவர்
ஒரு நோட்டை நீட்டினார்.
சிவப்பும் சால்னாவும் ஒட்டிய விரலால்
பேனாவை வாங்கினாள் ரஹீலா.
பெயர்: சவுந்தரபாண்டி, எம்.ஏ.
வெளியே சென்ற காரணம்: சாப்பாடு.
உடன் வந்தோர்: மூவர்.