ஆறு பை

ஏழு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது.
அந்தத் தைரியத்தில் வாங்கியதுதான்.
பாசிப்பச்சை. தொடைக்கு ஒன்றாக இரண்டு பை,
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.
கார்கோ என்று பெயர்.
பாளை பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள்
இப்போது இதில்தான் நிற்கிறார்கள்.
எனக்கு முப்பத்தெட்டு.
கேஸ் ஏஜென்சியில் பில் போடுகிறவள்.

விலை அட்டையை வெட்டவில்லை,
மடக்கி இடுப்புக்குள் செருகினேன்.
எங்கள் பீரோக் கண்ணாடி பாதி ஆளைத்தான் காட்டும்.
ஸ்டூலில் ஏறினேன்: கால் தெரிந்தது, தலை இல்லை.
இறங்கினேன்: தலை தெரிந்தது, பழைய தலை.
இரண்டையும் சேர்த்துத் தைப்பது
என் பொறுப்பாகிவிட்டது.

பேட்டையிலிருந்து எட்டரை வண்டி.
"ஸார், உள்ள ஏறிப் போங்க ஸார்"
என்றார் கண்டக்டர் என் முதுகிடம்.
திரும்பினேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
காசில்லாத மகளிர் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
டவுன் வரைக்கும் நாலைந்து பேர்
என் காலைப் பேப்பர் மாதிரிப் படித்துக்கொண்டு வந்தார்கள்.
ஈரடுக்குப் பாலத்தில் வண்டி நகரவில்லை.
துப்பட்டாவைச் சரிசெய்யப் போன கை
தோளில் ஒன்றுமில்லாமல் இறங்கியது,
மறுபடி போனது, மறுபடி இறங்கியது.
இருபது வருஷ வேலை, ஒரே நாளில் பறிபோன கை.
எங்கே வைப்பது இதை?
பை ஞாபகம் வந்தது.
விட்டேன்.
மணிக்கட்டு வரை போயிற்று.

ஜெபக்கனி பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள்.
"எக்கா, பட்டாளத்துல சேந்துட்டியளா?"
சிரித்தேன். அட்டை இடுப்பில் குத்தியது.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிறகு.
அந்தத் 'தான்'
மத்தியானம் வரைக்கும் என்னோடு உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்கு கே.டி.சி. நகர்க்காரர் ஒருத்தர்
கவுண்டரை உள்ளங்கையால் அடித்தார்.
பத்து நாளாச் சிலிண்டர் வரலியாம்.
மற்ற நாளென்றால்
"மேனேஜர்ட்ட சொல்லுதேன் ஸார்" என்று
கம்ப்யூட்டருக்குப் பின்னால் சிறுத்துப்போவேன்.
எழுந்துவிட்டேன்.
இரண்டு கையும் பையில்.
"புக்கிங்கே காட்டல. உக்காருங்க, பாப்போம்."
உட்கார்ந்தார்.
குரல் தொண்டையிலிருந்து வரவில்லை,
முட்டிப்பக்கத்துப் பையில் கிடந்ததை
எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

தப்பு என்னுடையதுதான்.
நம்பரில் மூன்றையும் எட்டையும் மாற்றி அடித்திருந்தேன்.
அதையும் நின்றுகொண்டே சொன்னேன்,
மன்னிப்பையும் நின்றுகொண்டே கேட்டேன்.
அவர் போன பிறகு
பார்சல் பிரிக்கிற கத்தரிக்கோலை எடுத்து
அட்டையை வெட்டினேன்.

முதல் துவைப்பில் வாளித் தண்ணீர்
குறுக்குத்துறை ஆறு மாதிரிப் பச்சையாயிற்று.
கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது.
மறுநாள் மெரூன் சுடிதார்.
வண்டிச் சாவியைத் தொடையில் போட்டேன்,
தரையில் விழுந்தது.
பேனாவைப் போட்டேன், அதுவும்.
ஜெபக்கனி பொறுக்கிக் கொடுத்தாள்,
இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

சாயந்திரம் ஐந்து சுடிதாரை மஞ்சப்பையில் திணித்து
மேலப்பாளையம் போனேன்.
டெய்லர் மசூது மிஷினை நிறுத்தினார்.
"பையா? எதுக்கும்மா?
நடக்கையில உப்பிக்கிட்டு நிக்கும்,
லெட்சணமா இருக்காது."
அவர் கழுத்து நாடாவைக் கேட்டு வாங்கி
மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை
வைத்துக் காட்டினேன். ஏழு அங்குலம்.
"உப்பட்டும்" என்றேன்.

ஒரு பைக்கு நாற்பது சொன்னார்.
முப்பத்தைந்தில் நின்றேன்.
வெள்ளிக்கிழமை கடை கிடையாது,
சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.