எட்டரை தினார்

ஏசித் தண்ணீர்
இரவு முழுக்க மடிக்கணினியின் மேல் சொட்டியிருக்கிறது.
மேல்கட்டிலில் தஸ்தகீர், கீழே நான்,
எட்டுப் பேர் அறையில்
ஒருவர் காதிலும் விழவில்லை.

காலையில் பொத்தானை அமுக்கினேன்.
திரை ஒருமுறை நீலமாகி
என்னவோ சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டது.

அரிசிக்குள் புதைத்து வை, ஈரத்தை இழுத்துவிடும் என்றான் தஸ்தகீர்.
ஐந்து கிலோ பாசுமதிக்குள் இரண்டு நாள் கிடந்தது.
எழவில்லை.
அந்த அரிசியில்தான் வெள்ளிக்கிழமை பிரியாணி.

மஹ்பூலாவிலிருந்து ஹவல்லிக்கு இரண்டு பஸ்.
ஆகஸ்ட் மாதம். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது.
வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன்:
"சும்மாதான் இருந்தது, தானாக அணைந்துவிட்டது."
தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது என்பதைப்
பொடியெழுத்தில் படித்திருந்தேன்.

கவுண்டரில் ஜோவிலின் என்ற பெண்
பொய்யை முழுசாகக் கேட்டாள்.
பிறகு கணினியை மெல்லச் சாய்த்தாள்.
ஓரத்திலிருந்து ஒரு துளி,
கூடவே ஓர் அரிசி,
கண்ணாடி மேசையில் விழுந்தன.

நான் வெளியே ட்ராஃபிக்கைப் பார்த்தேன்.
அவள் டிஷ்யூவால் துளியைத் துடைத்தாள்.
அரிசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
"எங்கள் ஊரிலும் இதைத்தான் செய்வோம், சார்."

வாரண்டியில் வராது என்றாள்.
சுற்றி வளைக்கவில்லை, முகத்தையும் மாற்றவில்லை.
அடுத்து ஒரு கேள்வி:
"இதற்குள் முக்கியமாக என்ன இருக்கிறது?"

ஒன்பது வருஷத்தில் இங்கே
சிவில் ஐடி கேட்டிருக்கிறார்கள்,
இகாமா எப்போது முடிகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.
இது எனக்குப் புதுக் கேள்வி.
அனுபவச் சான்றிதழ்கள் என்றேன்,
பாதி முடித்த கம்பி அட்டவணை என்றேன்.
மனைவிக்கு எழுதி அனுப்பாமல் வைத்த பக்கங்களைச் சொல்லவில்லை.
படிவத்தில் அவளாகவே எழுதினாள்:
கோப்புகளைத் திறக்க வேண்டாம்.

நான்காம் நாள் போன் வந்தது.
"மிஸ்டர் மகுதா?"
மகுடபதியை அதற்குமேல் தூக்க அவளால் ஆகாது.

போர்டைக் கழற்றி, கழுவி, உலர்த்தியிருந்தார்கள்.
விசைப்பலகை மட்டும் புதிது, எட்டரை தினார்.
ரசீதில் கூலி என்ற வரிக்கு எதிரே
கோணலாய் ஒரு பூஜ்யம்.

திறந்தேன்.
புது விசைகளின் மேல்
என் பழைய தமிழ் ஒட்டெழுத்துகள்.

உள்ளறையிலிருந்து ரிஃபாத் எட்டிப் பார்த்தார்.
எகிப்துக்காரர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
பழைய பலகையைப் போனில் படம் பிடித்து,
சூடு காட்டி,
சாமணத்தால் ஒவ்வொன்றாய் உரித்து,
படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார்.
சரியா என்று கட்டைவிரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.

அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.
ல இருக்க வேண்டிய இடத்தில் ள.
ள இருக்க வேண்டிய இடத்தில் ல.

நகத்தால் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன்.
பிறகு அழுத்தி ஒட்டிவிட்டேன்.

விசையைப் பார்த்துத் தட்டுகிறவன் நான்.
விலை என்றால் விளை என்கிறது.
வலி என்று எழுதினால் வளி வீசுகிறது.
நேற்று மனைவிக்கு
"வேலை முடிந்ததும் வருகிறேன்" என்று தட்டி
படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

எந்த வேளை என்று கேட்டிருக்கிறாள்.
இன்னும் பதில் எழுதவில்லை.