உள்ளே நிறம் வேண்டாம்

வாட்ஸப்பில் வந்தது லோகோ. பதினெட்டு கேபி.
லாரியின் பின்பக்கத்தை யாரோ ஓடிக்கொண்டே எடுத்த படம்:
ஸ்ரீ பொன்னியம்மன் வாட்டர் சப்ளை, சத்துவாச்சாரி.
பெரிதாக்கினேன்.
கிண்டாமல் விட்ட நோன்புக் கஞ்சி போல
எழுத்தெல்லாம் கட்டி கட்டி.

தனகோட்டி அண்ணனிடம் சொன்னேன்:
இது புள்ளியால் ஆனது, இழுத்தால் புள்ளிதான் தெரியும்.
எஸ்விஜியாக, கோடாக, மாற்றித் தருகிறேன்.
போனிலும் அதே கூர்மை, லாரி முதுகிலும் அதே.
"கோடுன்னா இன்னா ரேட்டு?"
ஆயிரம் ரூபாயும் ஒரு லோடு தண்ணியும் என்று முடிந்தது.

மத்தியானம் கரண்ட் இல்லை.
பேட்டரியில் நாற்பது நிமிஷம்.
முகப்புக்குப் பின்னால் ஆற்றை வரைந்தேன்.
எம் என்றால் பேனாவைத் தூக்கி வை:
வாணியம்பாடியில் வைத்தேன்.
சி என்றால் வளை:
ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம்,
வாலாஜா அணைக்கட்டில் திரும்பி
எதிர்க்கரை வழியே மேலே.
இசட் என்றால் தொடங்கிய இடத்தில் மூடு.
மூடவில்லை.
மேலிருந்து ஏதாவது வருவதென்றால் வரட்டும்.

முழு ஆறும் முன்னூற்றுச் சொச்சம் எழுத்து.
ஒன்றும் சொல்லாவிட்டால்
உள்ளே தானாகக் கறுப்பை ஊற்றிக்கொள்ளும்,
தோல் ஷாப் கழிவு திறந்துவிட்ட ராத்திரி மாதிரி.
அவசரமாக நீலம் போட்டு அனுப்பினேன்.

உடனே போன்.
"இன்னா தில்ஷாத்து, ஆத்துல தண்ணி வுட்டுக்கிற?
தண்ணி இருந்தா
என்னை யாருமா கூப்புடுவான்?"

நியாயம்தான்.
ஃபில், நன்.
இரண்டு கரை மட்டும் மிச்சம்.
நடுவில், பின்னால் எது இருக்கிறதோ அது:
வெள்ளைத் திரையில் வெள்ளை,
ராத்திரி மோடில் இருட்டு.

ஒரு வேலை பாக்கி இருந்தது.
கண் தெரியாதவர் விரல் வைத்தால்
போன் வாசித்துச் சொல்ல ஒரு தலைப்பு.
'அலங்காரக் கோடு' என்று அடித்தேன். அழித்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன்.
இயந்திரக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்:
பாலாறு.
இன்னொரு தரம். பாலாறு.

சனிக்கிழமை என் லோடு வந்தது.
புது ஸ்டிக்கர், ஆள் உயரம்,
ஒரு எழுத்தின் ஓரம்கூடப் பிசிறவில்லை.
வால்வு சரியாக மூடாமல்
ஆற்காடு ரோட்டிலிருந்து எங்கள் கேட் வரை
சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது,
கோணலாய் ஒரு கோடு.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
காய்ந்தது, தொடங்கிய முனையிலிருந்து.